உழைப்பது வேறு, சரிசெய்ய முடிவது வேறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், மின்சாமான் பழுதுபார்க்கும் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். "அந்தக் காலத்துச் சாமான் இரும்பு மாதிரி உழைச்சுது. இப்ப வர்றதெல்லாம் ரெண்டு வருசம் தாங்க மாட்டேங்குது." பேசுகிறவர்களின் ஆதங்கம் நியாயமானது. தவணை கட்டி வாங்கிய சலவை இயந்திரம், தவணை முடிந்த கையோடு நின்றுபோனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஆனால் அந்தப் பேச்சுக்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பொருள் எவ்வளவு நாள் உழைக்கும்? கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றாலும் அந்தச் செலவு கட்டுப்படியாகுமா? இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் கடையில் தவறான பொருளை வாங்கி வருகிறோம். வீட்டில் இன்னும் பத்து வருடம் ஓடக்கூடிய பொருளைப் பழைய இரும்பு லோரியில் ஏற்றி விடுகிறோம்.

சைக்கிளும் பிளாஸ்டிக் நாற்காலியும்

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர்கள் ஓட்டிய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். டியூப் அடிக்கடி பஞ்சராகும். செயின் தளரும். பிரேக் ரப்பர் தேயும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு. ஒரு ஸ்பேனர் இருந்தால் கழற்றலாம், பட்டணத்துக் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி மாட்டலாம். அப்படியே அந்தச் சைக்கிள் 30 வருடம் ஓடிவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு நேர்மாறு. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும், ஒரு குறையும் சொல்லாது. ஒரு நாள் கால் விரிசல் விட்டால் அத்தோடு சரி. காலை மட்டும் மாற்ற வழியில்லை.

பழுது வராமல் எவ்வளவு நாள் ஓடுகிறது என்பதை நீடிப்பு என்று வைத்துக்கொள்வோம். பழுது வந்த பிறகு எவ்வளவு சுலபமாக மறுபடி ஓட வைக்கலாம் என்பதைப் பழுதுநீக்க வசதி என்று சொல்லலாம். நாற்காலிக்கு முதலாவது மட்டும் உண்டு. சைக்கிளுக்கு இரண்டாவது நிறைய உண்டு. வீட்டு மின்சாமான்கள் எல்லாம் இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

பழைய சாமான் எல்லாம் நல்ல சாமானா?

பாட்டி வீட்டில் 1980களில் வாங்கிய மேசைக் காற்றாடி இன்னும் சுற்றுகிறது என்றால், அது நல்ல காற்றாடி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வருடம் அதே கடையில் விற்ற மற்ற காற்றாடிகள் எங்கே? போனவை கண்ணுக்குத் தெரிவதில்லை, தப்பியவை மட்டும் தெரிகின்றன. தப்பியவற்றை வைத்து அந்தக் காலத்தையே எடை போட்டால் கணக்கு தப்பாகும். இன்னொன்று, அன்று ஒரு காற்றாடியின் விலை தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் பெரிய பங்கு. அந்த விலைக்குத் தடித்த இரும்பும் தாராளமான செம்புக் கம்பியும் போட முடிந்தது. அதனால் கெட்டதும் எறிய யாருக்கும் மனம் வரவில்லை. சரிசெய்து சரிசெய்துதான் அது இத்தனை வருடம் வந்தது.

"வேண்டுமென்றே சீக்கிரம் கெடும்படி செய்கிறார்கள்" என்ற பேச்சும் உண்டு. வரலாற்றில் அதற்கு நிஜமான உதாரணம் இருக்கிறது. 1924இல் ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி 'பீபஸ்' என்ற கூட்டணி அமைத்தன. குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் நிறுத்தின. அதைத் தாண்டி எரியும் பல்பைத் தயாரித்தவர்களுக்கு அபராதமும் போட்டன.

அதே பல்பின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது இப்போது தருவது 4 வாட் பல்பின் மங்கிய வெளிச்சம்தான். அதன் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. இழையை அதிகம் சூடாக்காமல் விட்டால் பல்லாண்டு எரியும், வெளிச்சம் குறையும். ஆயுளைக் கூட்ட வேண்டுமானால் வேறு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்: விலை, எடை, மின் செலவு, வேகம். எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் ஒவ்வொரு பொருளிலும் நாம் கேட்க வேண்டியது. இன்று பெரும்பாலும் விட்டுக்கொடுக்கப்படுவது பழுதுநீக்க வசதிதான், ஏனென்றால் கடையில் வாங்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது.

ரைஸ் குக்கரைத் திறந்து பார்ப்போம்

உறுப்புகள் எப்படிச் சாகின்றன என்று புரிந்துகொள்ள, ஒரு சுவிட்ச் மட்டும் உள்ள சாதாரண ரைஸ் குக்கர் போதும்.

சூட்டுத் தட்டின் நடுவில் அமுங்கி எழும் வட்டக் குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் காந்தத்தால் இழுபடும் ஒரு சில்லு. சுவிட்சைக் கீழே தட்டியதும் அடியிலிருந்து ஒரு காந்தம் மேலே வந்து சில்லோடு ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். பானையில் தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் வெப்பம் ஏறும். 103 டிகிரி வாக்கில் அந்தச் சில்லு காந்தத்துக்கு இழுபடும் குணத்தையே இழந்துவிடும். பிடி விட்டதும் ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே தள்ள, 'டக்' என்று சுவிட்ச் மேலே வரும். சோறு ஆயிற்று. போர்டும் கிடையாது, கணினியும் கிடையாது. இவ்வளவு எளிய, இவ்வளவு நம்பகமான ஏற்பாட்டை இன்றைய பொருட்களில் காண்பது அரிது.

பின் ஏன் கெடுகிறது? பெரும்பாலும் ஒரு சோற்றுப் பருக்கையால். அது தட்டுக்கும் பானைக்கும் நடுவில் மாட்டிக் கரியாகும். பானை சரியாக உட்காராது. பானைக்குப் போகவேண்டிய சூடு தட்டிலேயே தேங்கும். அப்போது வெப்ப உருகி வேலை செய்யும். இது சூடு எல்லை மீறினால் ஒரே ஒரு முறை அறுந்து, மின்சாரத்தை நிரந்தரமாக நிறுத்தும் சிறு பாதுகாப்பு உறுப்பு. குக்கரில் விளக்குகூட எரியாமல் போய்விடும். "குக்கர் செத்துப்போச்சு" என்று தூக்கிப் போடப்படும் பல குக்கர்களில் செத்தது இந்த உறுப்பு ஒன்றுதான். அதன் விலை சில வெள்ளி.

பார்க்க வேண்டிய முறை இது. முதலில் மூன்று கால் பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் பியூஸை மாற்றிப் பாருங்கள். பலரும் இதையே மறந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிறகு வயரைப் பிடுங்கி, குக்கர் நன்றாக ஆறியதும் கவிழ்த்து, அடித்தட்டின் மூன்று நான்கு திருகுகளைக் கழற்றுங்கள். வெள்ளை அல்லது மஞ்சள் நார் உறைக்குள் சுண்டுவிரல் நுனி நீளத்தில் ஓர் உலோகக் குழல் இருக்கும். மின்சாரம் பாய வழி இருக்கிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வந்தால் அது நல்லது, வராவிட்டால் அறுந்துவிட்டது. புதியது வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியரும் வெப்ப அளவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புது உருகி அறுந்துவிடும். அதனால் நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழாயால் இணைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். உருகியை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. குக்கர் வேலை செய்யும். அடுத்த முறை சூடு எல்லை மீறும்போது நிறுத்த எதுவும் இருக்காது. பலகை வீட்டில் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

மிக்ஸியின் அடியில் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங்கும் இதே இனம்தான். மஞ்சள் கிழங்கு மாட்டிக்கொண்டால் மோட்டார் எரிவதற்கு முன் ரப்பர் பிய்ந்துகொள்ளும். அது மட்டமான வேலைப்பாடு என்று திட்டுகிறோம். மோட்டாரைக் காப்பாற்றத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக இதுவரை: ஒரு பொருள் நின்றுபோனால் அது முழுவதும் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஏதோ ஒரு சின்ன உறுப்பு போயிருக்கும், சில நேரம் அது போவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சின்ன உறுப்பை எட்ட முடிகிறதா என்பதே அடுத்த கேள்வி.

திருகா, ஒட்டா?

முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரம் தண்ணீர் பிழியும்போது விமானம் கிளம்புவதுபோல் இரைந்தால், பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் என்பது டிரம்மின் அச்சு உராயாமல் சுழல உதவும், குண்டுகள் வைத்த வளையம். உறுதிசெய்ய, வயரைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டிரம் வெளித்தொட்டியோடு சேர்ந்து அசைந்தால் பரவாயில்லை. டிரம் மட்டும் தனியாக 'லொடக் லொடக்' என்று ஆடினால் பேரிங்தான்.

பேரிங் தானாகத் தேய்வது குறைவு. அதன் முன்னால் இருக்கும் ரப்பர் சீல் முதலில் போகும். சோப்புத் தண்ணீர் உள்ளே கசியும், துருப்பிடிக்கும், பிறகுதான் இரைச்சல். சீல், பேரிங் இரண்டும் பெரிய விலை இல்லை. விஷயம் அவற்றைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. தொட்டி இரண்டு பாதிகளாக, திருகு போட்டு இணைத்ததாக இருந்தால், பிரித்து மாற்றி மறுபடி பூட்டலாம். அரை நாள் வேலை. பல புதிய மாடல்களில் அந்த இரண்டு பாதிகளையும் சூட்டில் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங்கை மாற்ற முழுத் தொட்டியையும் டிரம்மோடு வாங்க வேண்டும். கூலியும் சேர்ந்தால் செலவு புது இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடும். இரண்டு இயந்திரத்திலும் இருப்பது ஒரே பேரிங், ஒரே அளவு நீடிப்பு. ஒன்று பிழைக்கும், மற்றது குப்பைக்குப் போகும்.

ஒட்டுவதால் தயாரிப்பாளருக்குத் திருகுச் செலவும் ஆள் செலவும் மிச்சம், கசிவும் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தின் விலையை ஏழெட்டு வருடம் கழித்து வாங்கியவர் கட்டுகிறார் என்பதும் உண்மை. இது மாற வேண்டும்.

ஐஸ் பெட்டியிலும், அதாவது குளிர்சாதனப் பெட்டியிலும், இதே கதை. பழைய பெட்டிகளின் பின்னால் கறுப்புக் கம்பி வலை ஒன்று இருக்கும், அதில்தான் உள்ளிருந்து இழுத்த சூடு வெளியேறும். இன்று பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கச் சுவருக்குள் நுரையோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள். பின்பக்கம் சுத்தமாக இருக்கும், ஒட்டடை பிடிக்காது. பக்கச் சுவர் சூடாவதைக் கண்டு பலர் பயந்துபோகிறார்கள். அது பழுது இல்லை. சுவரையும் அலமாரியையும் ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம் விட்டால் போதும். ஆனால் புதைந்த குழாயில் ஓட்டை விழுந்தால் அதை எட்ட வழி இல்லை. சில மெக்கானிக்குகள் பழைய மாதிரி கம்பி வலையை வெளியில் பொருத்தி ஓடவைப்பார்கள். நன்றாகச் செய்தால் அது சரியான வைத்தியம்தான்.

போர்டு என்ற புதிய நோயாளி

"அக்கா, போர்டு போச்சு. மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்." கடையில் இப்போது அதிகம் கேட்கும் தீர்ப்பு இது.

போர்டு என்பது மோட்டாருக்கு எப்போது ஓட வேண்டும், எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று உத்தரவிடும் மின்னணுப் பலகை. அதனால் கிடைக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பழைய கூரைக் காற்றாடி சுமார் 70 வாட் இழுக்கும் இடத்தில், போர்டு வைத்த டிசி மோட்டார் காற்றாடி ஏறத்தாழ 35 வாட்டில் முடித்துவிடும். மின்கட்டணம் குறைகிறது. ஆனால் சாவின் இடம் மாறிவிட்டது. மோட்டார் போவது குறைந்து, போர்டு போவது கூடிவிட்டது.

போர்டின் பலவீனமான உறுப்பு கெப்பாசிட்டர். மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கும் சிறு உருளை அது. உள்ளே ஈரமான ரசாயனம் இருக்கிறது. சூட்டில் மெல்ல மெல்லக் காயும். அதன் மேல் '105 டிகிரி' என்று எழுதியிருக்கும். சாதாரண ரகம் அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதன்படி 65 டிகிரியில் 32,000 மணி, இடைவிடாமல் ஓடினால் சுமார் மூன்றரை வருடம். 55 டிகிரியில் 64,000 மணி, ஏழு வருடத்துக்கு மேல். தகரக் கூரைச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்கும், காற்றோட்டமான இடத்தில் வைத்த அதே பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பத்து டிகிரிதான்.

உலர்ந்த கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் அப்பம் போல் உப்பியிருக்கும். அதை மட்டும் மாற்றத் தெரிந்த ஆள் கிடைத்தால் முழு போர்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் புது இயந்திரங்கள் பலவற்றில் ஈரம் புகாமல் இருக்க போர்டின் மேல் பசை ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈரத்துக்கு நல்லது, பழுதுபார்க்கிறவருக்குத் தலைவலி. நீடிப்பைக் கூட்டப் போய்ப் பழுதுநீக்க வசதியைக் குறைத்த கதைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

நம் பக்கத்துக்கே உரிய எதிரிகள் இன்னும் உண்டு. முதலாவது இடி. இங்கே பிற்பகல் மழைக்கு இடி கூடவே வரும். மின்னல் பக்கத்தில் எங்கோ விழுந்தாலும் கம்பி வழியாக ஒரு துள்ளல் வரும். இரும்பு மோட்டார் அதைத் தாங்கும், போர்டு தாங்காது. சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். மின்துள்ளல் தடுப்பான் வைத்த பிளக் பலகை உதவும், ஆனால் வீட்டில் எர்த் சரியாக இருந்தால்தான். ஒவ்வொரு துள்ளலிலும் அது கொஞ்சம் தேயும், அதன் காவல் விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்பு வயர்தான். இரண்டாவது எதிரி எறும்பும் பல்லியும். போர்டின் மெல்லிய சூடு அவற்றுக்குக் குளிர்காய இடம். பல்லி இரண்டு முனைகளைத் தொட்டால் அதுவும் போகும், போர்டும் போகும். இயந்திரத்தின் கீழ் ஓட்டைகளுக்குக் காற்றுப் போகும்படி மெல்லிய உலோக வலை அடிப்பது சின்ன வேலை, பெரிய பலன்.

போர்டு இல்லாத சாதாரண நின்ற காற்றாடிக்கும் ஒரு வார்த்தை. மெதுவாகச் சுற்றினால் வயரைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றுங்கள். லேசாகச் சுற்றி மெல்ல நின்றால் உள்ளே உள்ள கெப்பாசிட்டர் பலவீனமாகிவிட்டது. அதன் மேல் எழுதியிருக்கும் அதே மைக்ரோபேரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) அளவில், பெரும்பாலும் 1 முதல் 2க்குள், புதியது போட்டால் பழைய வேகம் வரும். இறுக்கமாக இருந்தால் அச்சில் முடியும் தூசியும் சுற்றியிருக்கும், எண்ணெய் காய்ந்திருக்கும். சுத்தம் செய்து தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கும் மேல் தேங்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.

ஸ்டிக்கரில் எழுதியிருப்பதும் எழுதாததும்

'10 வருட உத்தரவாதம்' என்று பெரிதாக ஒட்டியிருந்தால் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அது மோட்டாருக்கோ கம்ப்ரசருக்கோ மட்டும். போர்டு, பம்ப், கதவு ரப்பர், கூலி எல்லாம் ஒன்றிரண்டு வருடத்தோடு முடிந்துவிடும். கெட வாய்ப்புக் குறைந்த உறுப்புக்கு நீண்ட உத்தரவாதம், கெடக்கூடிய உறுப்புக்குக் குறுகிய உத்தரவாதம். ஐந்து நட்சத்திர லேபலும் தரச் சான்று அல்ல. மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டும் அது சொல்கிறது.

பிரான்சில் 2021 ஜனவரி முதல் சலவை இயந்திரம், தொலைக்காட்சி போன்ற சில பொருட்களுக்குப் பழுதுநீக்க வசதிக்கென்றே 10க்கு எத்தனை மதிப்பெண் என்று கடையில் ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே வருடம் மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சலவை இயந்திர உதிரிப் பாகங்கள் 10 வருடம், ஐஸ் பெட்டிப் பாகங்கள் குறைந்தது 7 வருடம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதியும் வந்தது. அப்படி ஒரு மதிப்பெண் நமக்கும் வேண்டும்.

அதுவரை, கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் சேர்த்தி. 37ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்படிக் கிடைக்காது என்றால் வாங்கும்போதே, அல்லது அதற்கு முன்பே, தெரிவித்திருக்க வேண்டும். பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு, அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவுக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, படமும் எடுத்து வையுங்கள். சூட்டில் அச்சடிக்கும் கடை ரசீது ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த மாடலுக்கு போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? தொட்டி திருகு போட்டதா, ஒட்டியதா? சர்வீஸ் ஆள் ஈப்போ மாதிரி பெரிய நகரத்திலிருந்துதான் வர வேண்டுமா, வந்து பார்க்கவே எவ்வளவு? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பட்டணத்தில் பழுதுபார்க்கிறவரிடம் மாடல் எண்ணைக் காட்டுங்கள். எதற்குப் பாகம் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்று விளம்பரத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பொருள் உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றால், பழைய இரும்பு லோரி ஒலிபெருக்கியோடு வந்து எடைக்கு எடுத்துப் போவதற்கு முன், அதே பழுதுபார்க்கும் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். தொட்டி போன இயந்திரத்தில் போர்டு நன்றாக இருக்கும், போர்டு போனதில் பம்ப் நன்றாக இருக்கும். கதவின் உள்விளிம்பிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொன்னாலே போதும், அந்த எண்ணுக்காக யாராவது ஒருவர் கடையில் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கக்கூடும்.